சித்தப்பா தொட்டு வைத்த சர்க்கரைத் தண்ணி

போன மாதம் என் கொழுந்தனார் பேத்திக்குக் குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நான் கத்திய கத்தல் உங்களில் நாலைந்து பேர் காதுக்காவது வந்திருக்கும். "கிழவிக்கு மறை கழன்றுவிட்டது" என்று நீங்கள் பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது. பேசுங்கள், எனக்கென்ன. நடந்தது இதுதான். துணியில் சுற்றிய குழந்தையை என் முன்னால் நீட்டினார்கள். கூடவே ஒரு கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணி. "நீங்க தொட்டு வைங்க பெரியம்மா, உங்கள மாதிரியே படிப்பு வரும், ஆபீஸ் உத்தியோகம் வரும்" என்றார்கள். நான் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். அது சுவரில் மோதித் தரையெல்லாம் பிசுபிசுத்துப் போனது. நர்சு வந்து என்னையும் அவர்களையும் சேர்த்துத் திட்டினாள். சரியாகத்தான் திட்டினாள்.

காரணத்தை அங்கே சொல்ல முடியவில்லை. உங்களுக்குத்தான் சொல்ல முடியும், ஏனென்றால் "எவன் வெச்ச சர்க்கரைத் தண்ணியோ, இப்படி வந்து வாய்ச்சிருக்கு" என்று வாய் கூசாமல் பேசி வளர்ந்தவர்கள் நாம். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலில் யார் விரலால் இனிப்பைத் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் அந்தப் பிள்ளைக்கு வரும். தெற்கத்திக்காரர்கள் சேனை என்பார்கள், நம் பக்கம் சர்க்கரைத் தண்ணி. பேர் எதுவானால் என்ன, புத்தி ஒன்றுதான்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருந்தது. தெற்கே சவுக்குத் தோப்பு வழியாக நடந்தால் காட்டுப்பள்ளி. மேற்கே ஏரியைத் தோணியில் தாண்டி, அப்புறம் மாட்டுவண்டி பிடித்தால்தான் கவரைப்பேட்டை ரயில். இடையில் ஏரியின் எதிர்க்கரையில் இன்னொரு குப்பம். அவர்களும் நம் ஜனம்தான், அவர்களும் கங்கையம்மனைத்தான் கும்பிட்டார்கள், ஆனால் மழைக்காலம் வந்தால் அவர்கள் எங்கள் மண்டையை உடைப்பார்கள், நாங்கள் அவர்கள் மண்டையை உடைப்போம். இறால் கூட்டமாக வரும் ஓடைவழி ஒன்று ஏரியில் உண்டு. அதற்குப் பாடு என்று பேர். ஒரு நாள் அவர்கள் வலை கட்டலாம், மறுநாள் நாங்கள் கட்டலாம். முறை மாறி வலை கட்டினால் ரத்தம்தான்.

என் அண்ணன் பிறந்த அன்று நாட்டார் பெண்சாதிதான் சர்க்கரைத் தண்ணி வைப்பதாக ஏற்பாடாம். நாட்டார் என்றால் குப்பத்துத் தலைவர். அந்த அம்மாள் யார் வம்புக்கும் போகாதவள். அவள் தலைக்குக் குளித்துவிட்டு வருவதற்குள் எங்கள் சித்தப்பா வந்துவிட்டார். எதிர்க்கரைக்காரன் ஒருவன் கையை மணிக்கட்டோடு வெட்டிவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நெற்றி பிளந்து ஒரு கண் மூடியிருந்ததாம். "எங்கண்ணனுக்குப் புள்ள பொறந்துகீது, நா வெக்காம வேற எவ வெப்பா" என்று பிள்ளையை வாங்கி, விரலைக் கிண்ணத்தில் தோய்த்து அதன் வாயில் வைத்துவிட்டார். விரலைக் கழுவினாரா கழுவவில்லையா என்பது எங்கள் குப்பத்தில் பல வருஷத்துப் பேச்சு. கிண்ணத்துத் தண்ணியே சிவந்துபோனது என்று சத்தியம் செய்தவர்களில் பாதிப் பேர் அன்று அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

அண்ணனுக்குப் பல் முளைப்பதற்குள் சித்தப்பாவை எதிர்க்கரைக்காரர்கள் ஏரியில் வைத்து அடித்தே கொன்றார்கள். குப்பத்துக்கு ஒரு சண்டைக்காரன் குறைந்து போனான். பல் முளைக்காத பிள்ளையைப் பார்த்து, "இவன் கீறான், இவன் சித்தப்பன் கை" என்று எல்லோரும் மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.

நான் பிறந்தபோது அம்மை ஊசி குத்த வந்த நர்சம்மா குப்பத்தில் இருந்தாள். வெள்ளைச் சேலை கட்டியவள், காகிதத்தில் எழுதத் தெரிந்தவள். அவளைப் பிடித்துச் சர்க்கரைத் தண்ணி வைக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான், நான் படிக்கப் பிறந்தவள் ஆகிவிட்டேன்.

ஆனால் அண்ணன் எப்படிப்பட்டவன் தெரியுமா? அவனுக்கு ரத்தமே ஆகாது. அம்மா நண்டைக் கால் ஒடித்துச் சட்டியில் போட ஆரம்பித்தால் வெளியே போய் நின்றுகொள்வான். மீன் பிடிக்கிற வீட்டில் மீனின் செவுளைக் கிழிக்க மாட்டாத பிள்ளை. நைனா ஒரு தடவை அவன் கையில் பெரிய மடவையைக் கொடுத்து அரியச் சொன்னார். அவன் கை நடுங்கியதைப் பார்த்து நைனா என்ன சொன்னார் என்கிறீர்கள்? "பாத்தியா, கத்தியப் புட்ச்சா கை துடிக்குது. அப்டியே தம்பிதான்." சொல்லும்போது அவர் முகத்தில் அத்தனை பெருமை. நைனா சாது. சண்டை என்றால் தோணியின் பின்கோடியில் நிற்பவர் என்று பேர். அவருக்கு அந்தப் பேரைத் துடைக்க ஒரு பிள்ளை வேண்டியிருந்தது.

அம்மாவுக்குப் பெருமை இல்லை, பயம். மீன் அரிந்து முடித்ததும் அருவாமணையைக் கழுவி, கோணியில் சுற்றி, பானைகளுக்குப் பின்னால் செருகிவிடுவாள். எதற்கு என்று கேட்டேன். "உங்கண்ணன் கண்ணுல படக்கூடாதுடி" என்றாள். அண்ணன் வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏழோ எட்டோ வயசு. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெற்றவளே பிள்ளையிடமிருந்து கத்தியை ஒளித்து வைத்தால் அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கும்? யோசித்துப் பாருங்கள். நமக்கெல்லாம் யோசிக்க இத்தனை வயசு தேவைப்பட்டது.

குப்பத்தில் எந்தப் பயலுக்கு மூக்கில் ரத்தம் வந்தாலும் அவன் அம்மாக்காரி நேராக எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்ததும் அண்ணன் கன்னத்தில் ஒன்று விடுவாள். அப்புறம்தான் என்ன நடந்தது என்று விசாரிப்பு. அவன் அன்றைக்கெல்லாம் என்னோடு கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டு இருந்திருப்பான். நான் சொன்னால், "நீ படிக்கிற பொண்ணு, உனுக்கு இன்னா தெரியும்" என்பார்கள்.

அந்தக் கிளிஞ்சலை வைத்துத்தான் அவன் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். கூட்டல் கழித்தல் இல்லை, வகுத்தல். ஒரு தோணி மீனை ஆளுக்கு எவ்வளவு, வலைக்கு எவ்வளவு, தோணிக்கு எவ்வளவு என்று மணலில் கிளிஞ்சலைக் குவித்துப் பிரித்துக் காட்டுவான். பெரியவர்கள் கரையில் கத்திச் சண்டை போட்டுப் பிரிப்பதை அவன் சத்தமில்லாமல் முடித்துவிடுவான்.

பள்ளிக்கூடம் என்பது ஓர் ஓலைக்கொட்டகை. வாத்தியார் திருவள்ளூர்க்காரர். வாரம் பூராவும் குப்பத்திலேயே தங்கி, சனிக்கிழமை ஊருக்குப் போவார். நல்ல மனுஷன் என்றுதான் இன்றும் சொல்வேன், எனக்கு அவர் நல்லவர்தான். என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, தப்பாகப் போட்டால் "யோசி, உனக்கு வரும்" என்று காத்துக்கொண்டு நிற்பார். அப்படி ஒருவர் நின்றால் யாருக்குத்தான் வராது? அண்ணனைக் கடைசியில் கதவோரம் உட்கார வைத்தார். காலையில் வந்ததும் அவனைக் கூப்பிட்டுக் கையில் பிரம்பால் ஒன்று போடுவார். "சாயங்காலத்துக்குள்ள நீ ஏதோ பண்ணத்தான் போறே. அதுக்கு இப்பவே வாங்கிக்கோ." பிள்ளைகள் சிரிக்கும். அவரும் சிரிப்பார். அது தினமும் நடந்தது. சவுக்குப் பிரம்பு, கணு வைத்தது. பட்ட இடம் முதலில் வெளுக்கும், அப்புறம் சிவக்கும்.

ஒரு நாள் கடினமான கணக்கு ஒன்று போட்டார். சிலேட்டை எல்லோரும் காட்டினோம். சரியாக இருந்தது இரண்டு சிலேட்டுதான், என்னுடையதும் அண்ணனுடையதும். வாத்தியார் என் தலையைத் தடவினார். அண்ணன் காதைப் பிடித்துத் தூக்கினார்.

"தங்கச்சியைப் பாத்துக் காப்பி அடிக்கிறியா?"

நான் எழுந்து நின்றேன். "சார், நான்தான் அண்ணனப் பாத்துப் போட்டேன். அவன்தான் எனக்குச் சொல்லித் தருவான்" என்றேன். நிஜமும் அதுதான்.

வாத்தியார் முகம் மாறிவிட்டது. என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை, பரிதாபப்பட்டார். "இந்தக் குழந்தையைப் பொய் சொல்ல வேற பழக்கியிருக்கே" என்று அவனை அடிக்க ஆரம்பித்தார். முதுகில், தொடையில், குனிந்தபோது கழுத்தில். பிரம்பு பிளந்துபோனது. பிளந்த பிரம்பு தோலைக் கவ்விக் கிழிக்கும், அது தெரிந்தவர்களுக்குத் தெரியும். அண்ணன் கழுத்தைத் தடவிய கையில் ஒட்டிய ரத்தத்தைப் பார்த்து அங்கேயே மயங்கி விழுந்தான். "நடிக்கிறான்" என்றார் வாத்தியார். அன்றோடு அவன் பள்ளிக்கூடம் முடிந்தது. அந்தச் சிலேட்டைச் சாயங்காலம் அவன் ஏரியில் வீசி எறிந்தான். அது தத்தித் தத்திப் போய் முழுகியது.

பிறகு தோணிக்குப் போனான். அங்கே அவனுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. எதிர்க்கரைப் பையன்கள் வம்புக்கு வந்தால் எங்கள் பையன்கள் அண்ணனைத் தேடி ஓடி வருவார்கள். அவன் போய் நிற்பான். அவ்வளவுதான், எதிர்க்கரைப் பையன்கள் திரும்பிப் போய்விடுவார்கள். ஒரு நாள் என்னிடம் வந்து சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னான்: "நா ஒண்ணியும் பண்ல பாப்பா. சும்மா நின்னுக்கினு இருந்தேன். உள்ளுக்குள்ள எனக்கே காலு ஆடுது. அவனுங்கோ ஓட்றானுங்கோ." அப்போது அவன் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. பிள்ளைச் சிரிப்பு.

அவனுக்குப் பதினாறு நடக்கும்போது அந்த மழைக்காலம் வந்தது. முகத்துவாரம் வெட்டிக்கொண்டு கடல் தண்ணி ஏரிக்குள் ஏறியது, இறால் அப்படி விழுந்தது. எங்கள் முறை நாளில் எதிர்க்கரைக்காரர்கள் பாட்டு ஓடையில் வலை கட்டிவிட்டார்கள் என்று விடிந்ததும் செய்தி. நாட்டார் கரையில் நின்று சங்கு ஊதச் சொன்னார். ஆண்கள் அத்தனை பேரும் தோணியில் ஏறினார்கள். பெண்கள் பின்னால் இன்னொரு தோணியில் கல்லும் மிளகாய்ப்பொடியும் எடுத்துக்கொண்டு போவது எங்கள் வழக்கம். அந்தத் தோணியில் நானும் இருந்தேன்.

புறப்படுமுன் நைனா கூரையில் செருகி வைத்திருந்த சித்தப்பாவின் பச்சை பெல்ட்டை எடுத்தார். இடுப்பில் நாம் டப்பு, காசு வைத்துக்கொள்வோமே, அந்தப் பட்டை பெல்ட். அண்ணன் இடுப்பு அதற்குப் போதவில்லை. நைனா ஆணியால் புது ஓட்டை போட்டு இறுக்கிக் கட்டினார். நாட்டார் சித்தப்பாவின் வெட்டுக்கத்தியை அவன் கையில் கொடுத்து முதல் தோணியில் முன்னால் நிறுத்தினார். அவன் திரும்பி எங்கள் தோணியைப் பார்த்தான். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

பாட்டு ஓடையில் தண்ணி இடுப்பளவுதான். தோணியிலிருந்து குதித்து அடித்துக்கொண்டார்கள். கழி மண்டையில் விழும் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? தேங்காய் உடைக்கிற மாதிரி என்று சொல்வார்கள். அப்படி இல்லை, அது ஈரச் சத்தம். ஒருவன் பல்லைத் துப்பினான். ஒருவனைத் தலையைப் பிடித்துத் தண்ணியில் அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். மிளகாய்ப்பொடி எங்கள் கண்ணிலேயே விழுந்து பெண்கள் கதறினார்கள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு அண்ணனை மட்டும் தேடினேன். தண்ணியில் சிவப்பு பரவியதைப் பார்த்ததுமே அவன் கத்தியை விட்டுவிட்டான். அது முழுகிப் போனது. தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான், திரும்பத் திரும்ப. அவனுக்கு அந்தப் பக்கம் நாட்டாரின் மூத்த மகன் தோணி தள்ளுகிற கழியை இரண்டு கையாலும் ஓங்கி, வலைக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த ஒருவன் பின்மண்டையில் இறக்கினான். அந்த ஆள் குப்புற விழுந்தான். எழுந்திருக்கவில்லை. இரண்டையும் நான் ஒரே பார்வையில் பார்த்தேன், அவர்கள் அவ்வளவு பக்கத்தில் நின்றார்கள்.

போலீஸ் வந்து ஆள் கேட்டது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரியும். சண்டையில் உயிர் போய்விட்டால் குப்பமே கூடி ஓர் ஆளைக் கொடுத்துவிடும். அவன் திரும்பி வரும்வரை அவன் வீட்டுக்குத் தினமும் ஒரு பங்கு மீன். மற்றவர்கள் தொழிலுக்குப் போகலாம். கங்கையம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள்.

நாட்டார் தன் மகனைக் காப்பாற்றச் சதி செய்தார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அப்படி இருந்திருந்தால் நான் அந்த ஆளைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் "யாரு அடிச்சது" என்று கேட்டார், அவ்வளவுதான். கூட்டம் தானாகவே அண்ணன் பக்கம் திரும்பியது. "நா பாத்தேன், ஒரே போடு" என்றான் ஒருவன். என்னோடு தோணியில் இருந்தவள், மிளகாய்ப்பொடியில் கண் வீங்கிப் போயிருந்தவள், "என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றாள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு நிஜமாகவே அப்படித்தான் தெரிந்திருந்தது. நாட்டாரின் மகன் மட்டும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் கூட்டத்துக்கு நடுவில் போய், "அண்ணன் அடிக்கல. கத்திய தண்ணில உட்டுட்டான். வாந்தி எடுத்துக்கினு இருந்தான். நான் பாத்தேன்" என்றேன். யார் அடித்தது என்றும் சொல்லியிருப்பேன். அதற்குள் வாந்தி என்ற சொல்லுக்குச் சிரிப்பு கிளம்பிவிட்டது. பொம்பளைகள் பக்கமிருந்து அம்மா வந்து புறங்கையால் என் வாயில் அடித்தாள். உதடு கிழிந்து பல்லெல்லாம் ரத்தம். "கூடப் பொறந்தவன இப்டியா அசிங்கம் பண்ணுவ" என்றாள். அம்மாவும் அவன் அடித்தான் என்றே நம்பினாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் அண்ணன் சொன்னான்: "நாந்தான் அடிச்சேன்."

நாட்டார் அவன் தோளில் கையை வைத்தார். நைனா, தோணியின் பின்கோடி நைனா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அவனுக்கு மஞ்சள் தண்ணியில் தலைக்கு ஊற்றினார்கள். புது வேட்டி, மாலை. நாட்டார் வீட்டில் உட்கார வைத்துச் சோறு போட்டார்கள், நைனா தன் கையாலேயே பிசைந்து ஊட்டினார். நான் கிழிந்த உதட்டோடு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னாத்துக்குண்ணா அப்டி சொன்ன?"

"உட்டுடு பாப்பா."

"நீ அடிக்கலயே."

"பொறந்ததுலேர்ந்து இத்தத்தான் சொல்றாங்கோ. இல்ல இல்லன்னு சொல்லி பேஜாராயிட்ச்சி எனக்கு." சோற்றை விழுங்கிவிட்டு மெதுவாகச் சொன்னான்: "அடிக்கலன்னா நா வாந்தி எட்த்தவன். அடிச்சேன்னா சித்தப்பா. நீயே சொல்லு, எதா இருக்கிறது?"

எனக்கு அப்போது பதிமூன்று வயசு. அவன் புது வேட்டியில் சிந்தியிருந்த பருக்கைகளைப் பொறுக்கி எடுத்தேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்த மாதிரிதான். போலீசில் அவனை அடித்தார்கள், ஒப்புக்கொண்டவனை ஏன் அடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே என்றார்கள். இடது காது அத்தோடு கேட்காமல் போனது. சிறுவன் என்று கேஸ் நிற்காமல் போய்விடக் கூடாதென்று குப்பத்தில் வயசைக் கூட்டிச் சொன்னார்கள். கோர்ட்டில் வாத்தியார் வந்து, "முதல் நாளே எனக்குத் தெரியும், என்னால் திருத்த முடியவில்லை" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் நிஜம். அது எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது.

கலவரத்தில் விழுந்த அடி என்று நாலு வருஷம்தான் போட்டார்கள், அதுவரை தினமும் ஒரு பங்கு மீன் வீட்டுக்கு வந்தது. அம்மா அதை விற்றுத்தான் என்னைப் பொன்னேரியில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தாள். "ஒண்ணு கத்திக்குப் போச்சி, ஒண்ணு காகிதத்துக்குப் போவட்டும்" என்பாள். நான் மக்குப் பிள்ளையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இருக்க யார் விட்டார்கள். தவறினால்கூட, இது படிக்கிற பிள்ளை, உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

அவன் திரும்பி வந்தபோது நான் பள்ளி இறுதி முடித்திருந்தேன். குப்பமே கரைக்குப் போய் மேளம் கொட்டியது. தோணியிலிருந்து இறங்கியவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தோள் அகன்று, புருவத்தில் தழும்போடு, கேட்கிற காதைத் திருப்பித் திருப்பி நடந்து வந்தான். நைனா பச்சை பெல்ட்டைக் கட்டிவிட்டார். இந்த முறை பழைய ஓட்டையே சரியாக இருந்தது. "அப்டியே தம்பி" என்று நைனா அழுதார். ஜெயிலில் என்ன நடந்தது என்று நான் கேட்டேன். "அங்கியும் சும்மா நின்னா போதும் பாப்பா. ஆனா தபாதபா நிக்கணும். சில தபா நின்னா மட்டும் பத்தாது" என்றான். அதற்குமேல் சொல்லவில்லை.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் அளக்க ஆரம்பித்திருந்த காலம். கான்டிராக்டர் ஒருவர் ஆள் தேடிக்கொண்டு எங்கள் குப்பம்வரை வந்தார். கல் நடவிடாமல் தகராறு செய்கிறவர்கள் முன்னால் போய் நிற்க ஓர் ஆள் வேண்டும், நல்ல சம்பளம். அந்த வேலைக்கு நாட்டாரின் மூத்த மகன் ஆசைப்பட்டான். கான்டிராக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மர்டர் கேஸ்ல போய் வந்தவன் ஒருத்தன் இருக்கானாமே, அவனைக் கூப்பிடு" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் இறால் ஏலம். பட்டப்பகல், கரையில் குப்பம் முழுக்க நின்றது. நாட்டாரின் மகன் சாராயம் குடித்துவிட்டு வந்தான்.

"இன்னாடா, எல்லாரும் இவனுக்கே மாலை போட்டுக்கினு கீறீங்கோ" என்று ஆரம்பித்தான். "அன்னிக்குப் பாட்டுல அட்ச்சது நானு. இவன் வாந்தி எட்த்துக்கினு நின்னான்."

கூட்டம் சிரித்தது. அண்ணனைப் பார்த்து இல்லை, அவனைப் பார்த்து. "தண்ணி ஏறிப்போய் ஒளர்றான்" என்றார்கள். நாட்டார், "வாய மூட்றா" என்றார். யாருமே நம்பவில்லை. அண்ணனும் லேசாகச் சிரித்துக்கொண்டு இறால் கூடையைத் தூக்கினான். அத்தோடு போயிருக்க வேண்டியது.

"நா இன்னாத்துக்கு மூடணும்? இவன் தங்கச்சிய கேளு. அவதான் அன்னிக்கே சொன்னா. படிச்ச பொண்ணு, பொய் சொல்லுமா?" என்று என் பக்கம் கையை நீட்டினான். "சொல்லு பாப்பா."

குப்பமே என் பக்கம் திரும்பியது. ஜனங்களைப் பாருங்கள். பதிமூன்று வயசில் என்னை அடித்து வாயை மூடியவர்கள், பள்ளி இறுதி முடித்தவள் என்றதும் நான் சொல்வதுதான் சத்தியம் என்று காத்து நின்றார்கள். அண்ணனும் என்னைப் பார்த்தான். தழும்பும் தாடியும் போய், கோயில் முன்னால் நின்ற பதினாறு வயசுப் பிள்ளையின் முகமாக அது ஆகிவிட்டது. அவன் பயந்துவிட்டான். என் அண்ணனை நான் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அவன் கொலைகாரன் இல்லை என்று ஒரே ஒரு தடவை இந்தச் சனம் என் வாயால் கேட்கட்டும் என்று நினைத்தேன்.

"எங்கண்ணன்" என்பதுவரை சொன்னேன்.

கூடை விழுந்தது. தோணியில் சாய்த்திருந்த கழி அண்ணன் கைக்கு எப்படி வந்தது என்று நான் பார்க்கவில்லை. முதல் அடியில் நாட்டாரின் மகன் முழங்கால் மடிந்து உட்கார்ந்தான். இரண்டாவது அடி வாயில். பிறகும் அடித்தான். இறால் மேலெல்லாம் ரத்தம் தெறித்தது. அவன் முகத்திலும் தெறித்தது, அதை அவன் துடைக்கவில்லை. அத்தனை ஆண்கள் நின்றார்கள், ஒருவனும் தடுக்கப் போகவில்லை. அவனைத் தடுக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும் அல்லவா. நான் ஓடிப் போய் அவன் கையைப் பிடித்தேன். பிடித்ததும் நின்றுவிட்டான். அவ்வளவு சுலபமாக நின்றுவிட்டான்.

மூச்சு வாங்கிக்கொண்டு, கேட்கிற காதை என் பக்கம் திருப்பி, "இப்ப சொல்லு பாப்பா" என்றான். "இப்ப நாந்தான?"

இந்த முறை கோயில் முன்னால் கூட்டம் தேவைப்படவில்லை. போலீஸ் தோணி வரும்வரை அவன் மணலில் உட்கார்ந்திருந்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜெயிலிலேயே செத்துப்போனான், காமாலை என்றார்கள். அன்று கரையில் நின்ற ஒவ்வொருவரும், "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிக்கொண்டே கலைந்து போனார்கள். நைனா சொன்னார், மகனைப் பறிகொடுத்த நாட்டாரும் சொன்னார், திருவள்ளூரில் செய்தி கேட்ட வாத்தியாரும் சொன்னாராம். அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அதையேதான் சொன்னாள். தெரியாமல் போனது எனக்கு ஒருத்திக்குத்தான்.